பாதி நிறைந்த கண்மாய்: தண்ணீரை எந்த முறையில் பங்கிடுவது?

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனதும் எங்கள் பக்கத்து விவசாயிகள் கண்மாய்க் கரைக்குப் போய், மடைத்தூணில் தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். கண்மாய் நிரம்பி உபரி நீர் கலுங்கில் பாய்ந்த ஆண்டாக இருந்தால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அடுத்த சில வாரங்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கண்மாய் காய்ந்து கிடந்தால் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். தண்ணீர் பாதிக் கல்லில் நிற்கும் ஆண்டில்தான் கரையில் கூட்டம் கலையாது. விதைத்த நிலம் முழுவதற்கும் அது போதாது என்பதும், ஒருவருக்கும் இல்லை என்று கைவிரிக்கும் அளவுக்கு அது குறைவாக இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆண்டில் தண்ணீரைப் பங்கிட எந்த முறையைக் கைக்கொள்வது நியாயம் என்பதை, நடைமுறையில் இருந்த, இருக்கிற சில முறைகளை அருகருகே வைத்து இங்கே பார்க்கிறேன்.

நான் மனத்தில் வைத்திருப்பது ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கண்மாய்களை. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடும். தமிழ்நாட்டில் இருக்கும் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் கணிசமானவை இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கண்மாயானாலும், ஒரே ஒரு மடையும் நூறு ஏக்கர் ஆயக்கட்டும், அதாவது பாசன நிலமும், கொண்ட ஊர்க் கண்மாயானாலும், பருவம் பொய்த்தால் எழும் கேள்வி ஒன்றுதான். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன என்பது நிர்வாகக் கணக்கு. மடையைத் திறந்த பிறகு எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் போகிறது என்பதை எந்தத் துறையும் வந்து பார்ப்பதில்லை. அதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கூட்டத்தில் முதலில் எழுகிற யோசனை, பெரும்பாலும் இளைஞர்கள் சொல்வது, மணிக்கணக்கு. ஏக்கருக்கு இத்தனை நிமிடம் என்று எழுதி ஒட்டிவிட்டால் சண்டை இருக்காது என்பார்கள். பஞ்சாப், ஹரியானா கால்வாய்ப் பாசனத்திலும் பாகிஸ்தானிலும் வாராபந்தி என்ற பெயரில் நடப்பது இதுதான். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தை ஒரு கிளைவாய்க்காலின் விவசாயிகள் நில அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்ன கிழமை, இன்ன மணிக்கு இவருடைய முறை தொடங்கி இத்தனை மணிக்கு முடியும் என்பது பட்டியலாகவே இருக்கும். இரவு முறை ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழுந்துவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை பன்னிரண்டு மணி நேரம் தள்ளிவைப்பதும் உண்டு. வாய்க்கால் நிரம்பத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை 'பராய்' என்று பெயரிட்டு அந்த முறைக்காரருக்குக் கூடுதலாகக் கொடுப்பதும், முறை முடிந்த பின் வாய்க்காலில் மிஞ்சி வடியும் தண்ணீரைப் பெறுகிற கடைசி ஆளின் கணக்கில் அதற்கான நேரத்தைக் கழிப்பதும், அந்த முறையை வகுத்தவர்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன. அதிகாரியின் தயவோ பெரிய மனிதரின் குரலோ அதில் நுழைய இடம் குறைவு; அந்த வகையில் அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த முறை ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கால்வாய் ஓடினால் முழு அளவில் ஓட வேண்டும், இல்லையென்றால் மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மணி நேரம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவுத் தண்ணீராக இருக்கும். கண்மாயில் இது நடக்காது. மடை திறந்த முதல் நாள், தண்ணீர் உயரமாக நிற்கும்போது, அழுத்தத்தில் மடைவாய் பீறிட்டு ஓடும். பத்தாம் நாள், மட்டம் இறங்கிய பிறகு, அதே மடையில் தண்ணீர் தளர்ந்து வரும். முதல் நாள் ஒரு மணி நேரம் பெற்றவரும் பத்தாம் நாள் ஒரு மணி நேரம் பெற்றவரும் பட்டியலில்தான் சமம். இதோடு மண் வாய்க்காலின் உறிஞ்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கண்மாயில் மூன்றாண்டுகளுக்கு முன் மணிக்கணக்கு வைத்தபோது, வாய்க்கால் முடியும் கடைமடையில் அரை ஏக்கர் பயிரிட்ட ஒரு பெண்மணிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு டார்ச்சும் மம்பட்டியுமாக அவர் வாய்க்கால் ஓரம் நின்றார். காய்ந்து வெடித்திருந்த வாய்க்கால் குடித்தது போக, தண்ணீர் அவருடைய வயலின் வாமடையைத் தொடுவதற்குள் நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பட்டியலின்படி அவருக்கு ஒரு நிமிடம்கூடக் குறைக்கப்படவில்லை. வயலில் பாதிதான் நனைந்தது.

இதைச் சரிசெய்ய பராய் கணக்கை இங்கேயும் கொண்டுவரலாம், தலைமடையில் தொடங்காமல் கடைமடையில் தொடங்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் மட்டம் இறங்க இறங்க ஒவ்வொரு நாளும் நிமிடத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். அவ்வளவு திருத்தம் தேவைப்படும் இடத்தில் கடிகாரத்தை நம்புவதைவிட, வயலைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஒருவரை நம்புவது மேல் என்பது என் கருத்து.

அப்படி ஒருவரை நம்பிய முறை இந்த மண்ணிலேயே இருந்தது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஒரு பெயரில் அழைக்கப்பட்டவர் மடையைத் திறப்பார், மூடுவார், வாய்க்காலில் உடைப்பு விழுந்தால் அடைப்பார், எந்தச் செய்க்கு, அதாவது வயலுக்கு, இன்று தண்ணீர் வேண்டும், எது நாளை மறுநாள் வரை தாங்கும் என்று பார்த்துப் பாய்ச்சுவார். நிலக்காரர் மடைப்பக்கம் மம்பட்டியோடு வரவே கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல்லாக அவருக்குக் கூலி அளந்தார்கள். மேலே சொன்ன மணிக்கணக்கு வைத்த ஊரில், முன்பு நீர்க்கட்டியாக இருந்த முதியவர் ஒருவர் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டியலைக் கையில் வைத்திருந்த இளைஞரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மணியப் பாக்காதீக தம்பி, செய்யப் பாருங்க." கண்டல் மண் வயல் எட்டு நாள் தாங்கும், மணல் கலந்த வயல் நாலு நாளில் வாடும், சூல் கட்டுகிற பயிருக்கு ஒரு நாள் தாமதமும் ஆகாது, பால் முற்றிய பயிர் பொறுத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் அவர் அந்த ஒரு வரியில் அடக்கிவிட்டார்.

நீர்க்கட்டி முறையின் வலு அந்த அறிவில் இருக்கிறது. அதோடு, பல ஊர்களில் நீர்க்கட்டிக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாததால் தண்ணீரில் அவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் இல்லை என்பதிலும் இருக்கிறது. ஆனால் அந்த நிலமின்மைக்குப் பின்னால் சாதி இருந்ததை மறைத்துவிட்டு நாம் இந்த முறையைப் புகழக் கூடாது. நீர்க்கட்டிகள் பல ஊர்களில் பட்டியல் சாதியினர். ஊர் முழுவதற்கும் தண்ணீரை நியாயமாகப் பங்கிட்டவர்கள், கூலி நெல் சரியாக அளக்கப்படாதபோது கேட்க நாதியற்று நின்றிருக்கிறார்கள். அடுத்த தலைமுறை அந்த வேலையை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போனதைக் குறையாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. நீர்க்கட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால், பரம்பரை ஊழியமாக இல்லாமல், மாதச் சம்பளமும் எழுதப்பட்ட அதிகாரமும் உள்ள பணியாகக் கொண்டுவர வேண்டும். பெரிய நிலக்காரர் ஒருவர் இரவில் மடைப்பலகையைத் தூக்கினால், மறுநாள் காலை அவரைப் பெயர் சொல்லிக் கூட்டத்தில் நிறுத்தும் துணிவு நீர்க்கட்டிக்கு வேண்டும். அந்தத் துணிவு அவர் பின்னால் ஊர் நிற்கும்போதுதான் வரும்.

இந்த இரண்டு முறைகளும், விதைத்த பயிர் முழுவதற்கும் இருக்கிற தண்ணீரைப் பரப்புவது எப்படி என்றே பார்க்கின்றன. பாதி நிறைந்த ஆண்டில் அந்தக் கேள்வியே பிழையாக இருக்கலாம். 120 ஏக்கர் ஆயக்கட்டு, கண்மாயில் 60 ஏக்கருக்கான தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை 120 ஏக்கருக்கும் சமமாகப் பரப்பினால் ஒவ்வோர் ஏக்கரும் பாதி விளைச்சல் கொடுக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினாலே நெல் மணி பிடிக்காத கருக்காயாகப் போய்விடும்; பாதித் தண்ணீர் பாய்ந்த 120 ஏக்கரும் வைக்கோலுக்கு மட்டும் ஆகலாம்.

இலங்கையின் உலர் வலயத்துக் குளங்களில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். பெத்ம என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அந்த முறையில், ஆண்டின் இரண்டாம் சாகுபடியான சிறுபோகம் தொடங்குவதற்கு முன் விவசாயிகள் கூடி, குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விளையும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த அளவு நிலத்தை மடைக்குப் பக்கத்தில் ஒரே தொகுதியாகத் தேர்ந்து, அது யாருடைய நிலம் என்று பார்க்காமல், குளத்தில் பங்குள்ள எல்லோருக்கும் அவரவர் பங்கின்படி அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கிறார்கள். கடைமடைக்காரர் தன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தலைமடைக்காரரின் நிலத்தில் ஒரு துண்டில் பயிர் செய்வார். போகம் முடிந்ததும் நிலம் உரியவரிடம் திரும்பிவிடும். தண்ணீர் நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை, ஆகவே வாய்க்கால் குடிக்கும் தண்ணீர் மிச்சம். பாய்ச்சிய வயல் முழுமையாக விளையும். தலைமடை, கடைமடை என்ற பகையே அந்தப் போகத்தில் எழாது. நான் படித்தும் கேட்டும் அறிந்த முறைகளில் மனத்தை அதிகம் தொட்டது இதுதான். அங்கே பங்குக்கு வழங்கும் 'பங்குவ' என்ற சொல் நம் 'பங்கு' என்ற சொல்லோடு ஒட்டியது. தஞ்சையிலும் தொண்டைமண்டலத்திலும் ஒரு காலத்தில் கரையீடு என்ற பெயரில், ஊர்ப் பங்காளிகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள் என்பதையும் நினைத்தால், நிலம் கைமாறிப் பயிராவது தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிய எண்ணம் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும், பெத்ம முறையை அப்படியே எடுத்துக் கண்மாயில் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் விதைப்புப் பட்டம். அங்கே சிறுபோகம் தொடங்கும்போது குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு விதைக்கிறார்கள். இங்கே ஆவணி, புரட்டாசியில் கண்மாய் காய்ந்திருக்கும்போதே புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறோம். மழையில் முளைத்து வளர்ந்த பயிருக்கு மார்கழியிலும் தையிலும்தான் கண்மாய்த் தண்ணீர் தேவைப்படுகிறது. கண்மாயின் மட்டம் தெரியவரும் நாளில் 120 ஏக்கரிலும் பயிர் நின்றுகொண்டிருக்கும். அப்போது போய், நின்ற பயிரை விட்டுவிட்டு அடுத்தவர் நிலத்துக்கு வா என்று யாரிடமும் சொல்ல முடியாது. முதல் போகத்துக்கு அது பொருந்தாது. நெல் அறுத்த பின் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சி, பருத்தியோ எள்ளோ மிளகாயோ கோடையில் போடலாம் என்ற நிலை வரும்போது மிக அழகாகப் பொருந்தும். அந்த மிச்சத் தண்ணீர் இன்று பல ஊர்களில் தலைமடைக்காரர் நாலைந்து பேருக்கும், கண்மாய்க்குள்ளேயே ஆயில் இன்ஜினை இறக்கி வைத்திருப்பவர்களுக்கும் போய்ச் சேருகிறது.

நான்காவது முறை மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு புனே மாவட்டம் புரந்தர் வட்டத்தில் உள்ள நாய்காவ் கிராமத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்ற பொறியாளர் தொடங்கிய பானி பஞ்சாயத்து, தண்ணீரை நிலத்தோடு கட்டிய முடிச்சையே அவிழ்த்தது. தண்ணீர் நிலத்தின் அளவுக்கு அல்லாமல் குடும்பத்தில் உள்ள தலைகளின் எண்ணிக்கைக்கே கிடைக்கும். ஆளுக்கு அரை ஏக்கர் பாசனம், குடும்பத்துக்கு அதிக அளவாக இரண்டரை ஏக்கர். நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்பு போடக் கூடாது. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை நிலத்தோடு போகாது. திட்டச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைப் பயனாளிகளே போட வேண்டும் என்பதால், அது யாரோ கொடுத்த தானமாகவும் இருக்கவில்லை.

நியாயம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு இணையான முறை வேறொன்றை நான் அறியவில்லை. மழை யாருடைய பட்டாவையும் பார்த்துப் பெய்வதில்லை; நீர்பிடிப்பில் ஆடு மேய்ப்பவருக்கும், வரத்துக்கால் தூர்வாரிய கூலிக்காரருக்கும் அதில் ஏன் பங்கில்லை என்ற கேள்விக்கு மற்ற முறைகளிடம் பதில் கிடையாது. ஆனால் புதிதாக உருவாக்கிய தண்ணீரில் அதைச் செய்ய முடிந்தது. பல தலைமுறைகளாக ஏக்கர் கணக்கில் வரி கட்டி, ஏக்கர் கணக்கில் மராமத்துக்கு ஆள் அனுப்பிய கண்மாயில், திடீரென்று தலைக்கணக்கு என்றால் பெரிய நிலக்காரர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விடுவார்கள். சட்டமும் அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கிறது: 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலம் உடையவர்களை வைத்தே கட்டப்படுகின்றன.

மடையை மூடிவிட்டுக் கிணறுகளில் ஊற விடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆவியாதலும் வாய்க்கால் விரயமும் போக மிஞ்சுவது நிலத்தடியில் பத்திரமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது பத்திரமான தண்ணீர். விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் ஊர்ப் பொதுத் தண்ணீர் சில கிணறுகளின் தனிச்சொத்தாக மாற ஒரு கோடை போதும். ராமநாதபுரத்தின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் அங்கே இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நீர்க்கட்டியையே சொல்வேன். ஆனால் நீர்க்கட்டி எப்படிப் பாய்ச்சுவது என்பதை நிர்ணயிக்க முடியுமே தவிர, யாருக்கு எவ்வளவு என்பதை அவர் தலையில் கட்டுவது அநியாயம். அதை ஊர் முன்னதாகவே முடிவு செய்து கொடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு, பெத்ம முறையிலிருந்து பரப்பைச் சுருக்குவதையும் பானி பஞ்சாயத்திலிருந்து எல்லோருக்கும் ஓர் அடித்தளப் பங்கு என்பதையும் எடுத்துக்கொண்டு, நின்ற பயிருக்கு ஏற்ப இப்படி ஒரு கணக்குப் போடலாம் என்று தோன்றுகிறது.

அதே 120 ஏக்கர் ஆயக்கட்டில் 60 குடும்பங்கள், யாருக்கும் அரை ஏக்கருக்குக் குறைவில்லை, தண்ணீர் 60 ஏக்கருக்கு. நில அளவுப்படி பிரித்தால் எட்டு ஏக்கர் உள்ளவர் நான்கு ஏக்கரையும், ஒரு ஏக்கர் உள்ளவர் அரை ஏக்கரையும் காப்பாற்றுவார்கள். அரை ஏக்கர் விளைச்சலில் ஒரு குடும்பத்தின் ஆண்டு அரிசிகூடத் தேறாது. மாறாக, முதலில் எல்லாக் குடும்பத்துக்கும் அரை ஏக்கருக்கு முழுத் தண்ணீர் என்று ஒதுக்கினால் 30 ஏக்கருக்கான தண்ணீர் செலவாகும். மீதி 30 ஏக்கருக்கானதை எஞ்சிய 90 ஏக்கருக்கு மூன்றில் ஒன்று என்று நில அளவுப்படி கொடுக்கலாம். அப்போது எட்டு ஏக்கர்க்காரருக்கு மூன்று ஏக்கர் கிடைக்கும். ஒரு ஏக்கர்க்காரருக்கு அறுபத்தேழு சென்ட் கிடைக்கும். பெரியவர் ஒரு ஏக்கரை விட்டுக்கொடுக்கிறார். எழுந்து போகும் அளவுக்கு அவர் இழக்கவில்லை. எந்தத் துண்டைக் காப்பாற்றுவது என்பதை அவரவர் முடிவுக்கு விட்டால், நல்ல பயிர் நிற்கும் செய்யையே ஒவ்வொருவரும் காட்டுவார்கள். பங்கு நிலத்தின் சொந்தக்காரருக்கு என்றில்லாமல் அந்த ஆண்டு பயிர் செய்கிறவருக்கு என்று எழுத வேண்டும். இல்லையென்றால் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

பாய்ச்சலைக் கடைமடையிலிருந்து தொடங்குவது நல்லது. மட்டம் உயரமாக இருக்கும் முதல் நாட்களில்தான் தண்ணீருக்குக் கடைசி வரை ஓடும் வேகம் இருக்கும். வேகம் குறைந்த பிறகு கிட்டத்து வயல்களுக்குப் பாய்ச்சினால் விரயம் குறையும். எல்லோருடைய ஒதுக்கீட்டிலும் ஒரு நனைப்பு முடியாமல் யாருக்கும் இரண்டாம் நனைப்பு இல்லை என்ற விதி, மணிக்கணக்கு செய்ய நினைத்ததைக் கடிகாரம் இல்லாமலே செய்துவிடும். தொலைவில் இருப்பவர்களுக்காகத் தலைமடைக்காரர்கள் பொறுத்திருப்பார்களா என்ற சந்தேகம் இயல்பானது. 1980-களின் தொடக்கத்தில் இலங்கையின் கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில், நீர்த்தேக்கம் வற்றியிருந்த நிலையிலும், விவசாயிகள் தங்களுக்குள் குழுக்களாகச் சேர்ந்து பேசிய பின், மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் முறை வைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்தித் தமிழர்கள் உள்ளிட்ட கடைப்பகுதி விவசாயிகளுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே அது முடிந்ததென்றால், பங்காளியும் சம்பந்தியுமாக வாழும் ஓர் ஊரில் முடியாது என்று நான் நம்ப மாட்டேன்.

நீர்க்கட்டியின் சம்பளத்துக்கு ஊர்க்கணக்கில் வரும் மீன்பாசிக் குத்தகைப் பணத்திலிருந்து முதல் செலவாக எடுத்து வைக்கலாம். பற்றாக்குறைக்கு, காப்பாற்றப்பட்ட ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம். ஆடுமாடு குடிக்கவும் ஊரார் புழங்கவும் வேண்டிய தண்ணீருக்கு மடைத்தூணில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே மட்டம் இறங்கினால் யார் கேட்டாலும் மடையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்வதும் இதே கூட்டத்தில் ஆக வேண்டியது. நிலமில்லாத வீடுகளுக்கு இந்தக் கண்மாயில் இன்று மிஞ்சியிருக்கும் பங்கு அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதுதான்.

இந்தக் கூட்டத்தை மார்கழியில் கூட்டினால் காலம் கடந்துவிடும். ஒவ்வொருவரும் தன் வாடிய பயிரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். புழுதி விதைப்புக்கு முன், ஆவணியில், யாருக்கு எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் கூட்ட வேண்டும். முழுக்கல் நின்றால் இது, முக்கால் நின்றால் இது, அரை நின்றால் இது என்று மூன்று பட்டியல்களை எழுதி, கடைமடைக்காரர்களும் குத்தகைதாரர்களும் பெண்களும் இருக்கும் கூட்டத்தில் வாசித்து, கையெழுத்து வாங்கி, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மார்கழியில் நீர்க்கட்டி மடைத்தூணைப் பார்த்துவிட்டு வந்து எந்தப் பட்டியல் என்று மட்டும் சொன்னால் போதும்.